வேலையின்மை பற்றி அரசுத் தரவுகளை மட்டும் வைத்துச் செய்தி எழுத முடியுமா?

கேட்டிருப்பவர் இதழியல் மாணவர், ஊர் தர்மபுரி. "எங்கள் மாவட்டத்தில் எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்பதை அரசு ஆவணங்களை வைத்தே எழுத முடியுமா, எங்கிருந்து தொடங்குவது?" என்கிறார். முடியும். ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. முதலில் அதைக் கீழே வையுங்கள். அதில் கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு நாளிதழுக்குச் சில ஆண்டுகள் பகுதிநேர நிருபராக இருந்தேன். (சம்பளம்தான் பகுதி, நேரம் முழுது.) கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வேலைக்குப் பதிந்து காத்திருப்போர் எண்ணிக்கை ஒருநாள் கிடைத்தது. 'வேலையின்றித் தவிக்கும் இளைஞர்கள்' என்று தலைப்பு வைத்து அனுப்பினேன், பெரிதாகவே வந்தது. அந்த எண்ணை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அதையும் யாராவது எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

காலை பத்து மணிக்கு ஓசூரிலிருந்து அத்தை மகன் போன் செய்தான். சிப்காட்டில் ஓர் ஆலையில் மேற்பார்வையாளர், சொந்த வீடு கட்டிக் குடியேறிவிட்டவன். "மாமா, என்னையும் சேர்த்துத்தான் தவிக்க வைத்திருக்கிறீர்கள். போன மாதம்தான் என் பதிவைப் புதுப்பித்தேன்" என்று சிரித்தான்.

மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் பதிவு மூப்பு போய்விடும் என்பதால், தனியாரில் நன்றாகச் சம்பாதிப்பவரும் அரசு வேலை ஆசையில் புதுப்பித்துக்கொண்டே இருப்பார். மதிப்பெண் சான்றிதழ் வாங்கும் நாளில் பள்ளியிலேயே பதிந்துவிடுகிறார்கள். அரசு வெளியிடும் வயதுவாரிப் பட்டியலைப் பாருங்கள்: 18 வயது நிரம்பாத பள்ளி மாணவர்களும் இருக்கிறார்கள், 60 வயதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவர்களின் பட்டியல் அது. துண்டுக்கு உரியவர் எங்கே நிற்கிறார், என்ன செய்கிறார் என்பது அதில் இருக்காது.

சரி, மத்திய அரசின் புள்ளியியல் துறை வீடுவீடாகக் கேட்டு எடுக்கும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு (PLFS) இருக்கிறதே என்பீர்கள். 2017 முதல் நடக்கிறது. முதல் ஆண்டறிக்கை 2019 மே மாதம் வெளிவந்து, நாட்டின் வேலையின்மை 6.1 சதவீதம் என்றதும் எழுந்த கூச்சல் நினைவிருக்கலாம். நானும் அதைத்தான் அடுத்துப் பிடித்துக்கொண்டேன். வரையறைப் பக்கங்களைப் படித்தபோது எனக்கு அண்ணியின் ஞாபகம் வந்தது.

அண்ணி மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போகிறவர். வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆடிக்குள் சீசன் முடிந்துவிடும். அந்த ஐம்பது நாளும் விரல் இடுக்கெல்லாம் மாம்பால் பட்டுக் கறுத்திருக்கும். சோறு பிசையும்போது எரிகிறது என்று கரண்டியால் சாப்பிடுவார். மீதி மாதங்கள் வீடு, மாடு. 'வழக்கமான நிலை' என்ற கணக்கில் ஓராண்டில் 30 நாள் துணை வேலை, அதாவது ஆண்டின் சிறு பகுதியில் மட்டும் பார்க்கும் வேலை, செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். 'வார நிலை' கணக்கிலோ கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரமும் இல்லாதவர், வேலை தேடினார் அல்லது கிடைத்தால் போகத் தயார் என்றால்தான் 'வேலையில்லாதவர்'. இல்லையென்றால் தொழிலாளர் கணக்கிலேயே வரமாட்டார்.

கார்த்திகை மாதம் ஒருநாள் அண்ணியிடம் கேட்டுப் பார்த்தேன்: இந்த வாரம் வேலை தேடினீர்களா? "வேன் வந்தால் ஏறுவேன் தம்பி, வராவிட்டால் வீட்டில் இருப்பேன். இதில் தேடுவதற்கு என்ன இருக்கிறது?" என்றார். இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவீர்கள்?

மாங்கூழ் என்றதும் வயிறு எரிகிறது. 2025இல் எங்கள் தோட்டத்துப் பெங்களூரா மாம்பழத்துக்குக் கிலோ ஐந்து ரூபாய் சொன்னார்கள். பறிகூலிக்கே காணாது என்று மரத்திலேயே விட்டோம். ஈ மொய்த்த நாற்றம் ஒரு மாதம் போகவில்லை. உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

புள்ளியியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஒரு மணி நேர அளவுகோல் உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்டதுதான்; கணக்கெடுப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. 'ஆக, வேலையில்லாத் திண்டாட்டமே இல்லை என்கிறாயா' என்று எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறவர்களும் அண்ணியின் பதிலை இன்னொரு முறை படிக்கலாம். எந்த எண்ணை எழுதினாலும் அது யாரை எண்ணியது என்று அதே வாக்கியத்தில் எழுதுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். தொழிலாளர் கணக்கெடுப்பின் ஆண்டறிக்கைகள் 2024 வரை மாநில அளவோடு நின்றுவிட்டன. தர்மபுரிக்கென்று தனி விகிதத்தை யாராவது மேடையில் சொன்னால், எங்கே எடுத்தது என்று கேளுங்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் 2011ஐயும் ஒப்பிடும்போதும் கவனம் தேவை. கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரியில். பழைய தர்மபுரிக்குள் ஓசூரும் அதன் ஆலைகளும் இருந்தன. அதை மறந்தால் மாவட்டமே தொழிலை இழந்துவிட்டதாகச் செய்தி எழுதிவிடுவீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்களே, வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவோடு தொடங்குங்கள். நான் போட்ட முதல் மனு, "பதிந்தவர்களுக்கு ஏன் வேலை வழங்கப்படவில்லை?" ஒரே வரியில் பதில் வந்தது: இது தகவல் அல்ல. கோபம் வந்தது, ஆனால் சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. இருக்கும் ஆவணத்தைத்தான் கொடுப்பார்கள். காரணத்தை யோசித்து எழுதித் தரமாட்டார்கள். அடுத்த மனுவில், தலைமையகத்துக்கு அனுப்பிய வயதுவாரி, கல்வித் தகுதிவாரி அறிக்கைகளின் நகல் என்று கேட்டேன், கிடைத்தது. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். உறையைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் மேல்முறையீட்டுக்கான 30 நாள் கெடு பதில் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. தபால் முத்திரை அப்போது உதவும். என் உறையின் மேல் அம்மா மளிகைக் கணக்கு எழுதிவிட்டார்.