கோட்லின் நிரல்மொழியில் பட்டியலைச் சுருக்குதல்: கேள்வி-பதில்

கேள்வி: ஃபோல்ட் (fold), ரெட்யூஸ் (reduce) என்ற செயற்கூறுகள் இரண்டுமே பட்டியலை ஒரே மதிப்பாகச் சுருக்குகின்றன. பிறகு எதற்கு இரண்டு?

பதில்: ரெட்யூஸ் முதல் உறுப்பையே தொடக்க மதிப்பாக எடுத்துக்கொள்வதால், விடையின் வகை உறுப்பின் வகையாகவோ அதன் மேல்வகையாகவோதான் அமைய முடியும், எடுத்துக்காட்டாக ஒரு கடையின் பில்களின் பட்டியலிலிருந்து மொத்தத் தொகையை அதனால் நேரடியாகப் பெற இயலாது. ஃபோல்டுக்குத் தொடக்க மதிப்பை நாமே தருகிறோம் என்பதால் அந்தத் தளை இல்லை. இதைவிட முக்கியமான வேறுபாடு, பட்டியல் காலியாக இருக்கும்போது வெளிப்படும்: ஃபோல்ட் தொடக்க மதிப்பை அப்படியே திருப்பித் தரும், ரெட்யூஸோ எக்செப்ஷனை, அதாவது நிரலை நிறுத்திவிடக்கூடிய பிழையை, எறியும். நாம் எழுதும் டெஸ்டுகளில் பட்டியல் பெரும்பாலும் காலியாக இருப்பதில்லை. கடை திறந்த முதல் நாள் காலையில்தான் அது காலியாக வந்து நிற்கும். 1.4 பதிப்பிலிருந்து கிடைக்கும் ரெட்யூஸ்-ஆர்-நல் அந்த நேரத்தில் நல் (மதிப்பு ஏதுமில்லை என்ற குறி) தருவதால், அதைக் கையாளும்படி நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே நம்மைக் கேட்கும்.

கேள்வி: தொகைகள் லாங் (64 பிட் முழு எண்) வகை. ஃபோல்டுக்கு 0 கொடுத்தால் வகை பொருந்தவில்லை என்கிறது. ஏன்?

பதில்: லாம்டாவுக்குள் (ஃபோல்டுக்கு நாம் தரும் பெயரில்லாச் செயற்கூறுக்குள்) நுழையும் முன்பே, தொடக்க மதிப்பைப் பார்த்து விடையின் வகை இன்ட் (32 பிட் முழு எண்) என்று கம்பைலர் முடிவுசெய்துவிடுகிறது. சுழியத்துடன் எல் சேர்த்து 0L என்று எழுதினால் போதும். இந்தப் பிடிவாதம் நன்மைக்கே என்பேன். பைசாக் கணக்கை இன்ட்டில் வைத்து, மொத்தம் கூட்டும் சம்-ஆஃப் கொண்டு கூட்டினால், மொத்தம் 2,14,74,83,647 பைசாவை, அதாவது ஏறத்தாழ 2.14 கோடி ரூபாயை, எட்டிய பின் இன்னும் ஒரு பைசா சேர்ந்தாலும் விடை எந்த எச்சரிக்கையுமின்றி எதிர்ம எண்ணாகிவிடும்.

கேள்வி: ஊர்வாரியாக பில்களின் எண்ணிக்கை மட்டும் வேண்டும். உறுப்புகளைக் குழுக்களாகப் பிரிக்கும் குரூப்-பை சரியா?

பதில்: விடை சரியாகவே வரும், ஆனால் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பட்டியலைக் கட்டி, எண்ணிய பின் அதை வீசிவிடுகிறீர்கள். அந்தப் பட்டியல்களைக் கட்டாமலே எண்ண, குரூப்பிங்-பை, அதன்மேல் ஈச்-கவுன்ட் என்று எழுதுங்கள்.

கேள்வி: ஃபோல்டில் கூட்டல் குறியால் ஒவ்வோர் உறுப்பாகச் சேர்த்துப் புதிய பட்டியலைக் கட்டிக்கொண்டே போகிறேன். மிக மெதுவாக ஓடுகிறது.

பதில்: அந்தக் கூட்டல் குறி ஒவ்வொரு முறையும் பழைய பட்டியல் முழுவதையும் நகலெடுக்கிறது, 10,000 உறுப்புகளுக்கு ஏறத்தாழ 5 கோடி நகல்கள். உங்கள் வேலை ஒவ்வோர் உறுப்பையும் மாற்றுவது மட்டுமென்றால், அதற்கென்றே மேப் இருக்க ஃபோல்ட் எதற்கு? அப்படியல்லவெனில் பட்டியலைக் கட்டித் தரும் பில்ட்-லிஸ்டுக்குள் ஒரு சாதாரண ஃபார் லூப் எழுதுங்கள்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.