இரண்டு தரம் கோர்னியா மாற்றியும் மங்கிவிட்டால்?

கல்முனையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: சுவருக்கு வெள்ளையடிக்கும்போது வாப்பாவின் வலது கண்ணில் சுண்ணாம்பு தெறித்தது, இரண்டு தரம் கோர்னியா (கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான படலம்) மாற்றியும் மங்கிவிட்டது, இடது கண் நன்றாகத் தெரிகிறது, இனிச் செயற்கைக் கோர்னியாதான் வழியா?

பெரும்பாலும் இல்லை.

சுண்ணாம்பு கடும் காரம். கருவிழியின் ஓரத்தைச் சுற்றி மூலக்கலங்கள் இருக்கின்றன, கோர்னியாவின் மேல்தோலை வாழ்நாள் முழுக்கப் புதுப்பிப்பவை அவைதான், சுண்ணாம்பு அவற்றையும் எரித்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல கோர்னியாவை வைத்துத் தைத்தாலும் பக்கத்து வெண்விழித் தோல் இரத்தக்குழாய்களோடு ஏறி வந்து மூடிவிடுகிறது. தானமாகக் கிடைக்கும் கோர்னியாவுக்கு இங்கே பஞ்சமில்லை; ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம் வெளிநாடுகளுக்கே அனுப்புகிறது. மூன்றாவது கோர்னியாவை இப்போதே வைத்தாலும் கதை அதேதான்.

வாப்பாவுக்கு ஒரு கண் நன்றாக இருப்பது பெரிய வசதி. அந்தக் கண்ணின் ஓரத்திலிருந்து சின்னத் துண்டொன்றை எடுத்து, சேதமான கண்ணில் நட்டு வளரவிடலாம். சொந்தக் கலம் என்பதால் உடம்பு அதைத் தள்ளாது. மேற்பரப்பு தேறியபின், தழும்பு பார்வையை மறைத்தால் அப்போது கோர்னியா மாற்றலாம். ஆனால் நல்ல கண்ணிலும் அன்று கொஞ்சம் தெறித்ததா என்று முதலில் பார்க்கவேண்டும்.

செயற்கைக் கோர்னியாவில் அதிகம் பாவிப்பது பொஸ்டன் வகை. தெளிவான பிளாஸ்டிக் வில்லை ஒன்றை, தானக் கோர்னியாவை நடுவில் வைத்து, பின்தட்டோடு பூட்டித் தைப்பார்கள். வைத்த சில நாளிலேயே தெரியத் தொடங்குவதுண்டு, உண்மைதான், ஆனால் அதற்குக் கண்ணீரும் இமையும் ஒழுங்காக இருக்கவேண்டும், ஆயுள் முழுக்க அன்ரிபயோட்டிக் சொட்டு மருந்து விடவேண்டும், மேலே கொன்டக்ட் லென்ஸ், அப்புறம் குளுக்கோமா (கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடுவது) பயம்: கண் அழுத்தத்தை வழக்கமான கருவியால் அளக்க முடியாது, டொக்டர் விரலால் அமுக்கித்தான் கணிப்பார். கிளினிக் தவறினால் கண்ணே போகலாம். அதனால்தான் இதைப் பொதுவாக இரண்டு கண்ணும் போனவர்களுக்கே வைக்கிறார்கள். முற்றாக வறண்ட கண்ணுக்கு நோயாளியின் சொந்தப் பல்லில் துளை போட்டு வில்லை பொருத்தும் முறையும் இருக்கிறது, வாப்பாவுக்கு அது வேண்டியதில்லை.

எதைச் செய்யவும் முன், டோர்ச் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று வலது கண்ணால் சொல்ல முடிகிறதா பாருங்கள். ஸ்கேன் எடுத்து விழித்திரை நன்றாக இருக்கிறதா, கண் அழுத்தத்தால் நரம்பு கெட்டதா என்று டொக்டரிடம் கேளுங்கள். பின்பக்கம் போயிருந்தால் முன்னால் எதை வைத்தும் பிரயோசனமில்லை. பழைய ஒப்பரேஷன் குறிப்புகளோடு கிளினிக்கில் கடிதம் வாங்கி, கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையில் கோர்னியா நிபுணரிடம் காட்டுங்கள். “மூலக்கலம் நடலாமா” என்று நீங்களே கேளுங்கள்.