வாசகர் கேள்வி – பதில்: 20 பிட் எண்ணுக்கு 4 பைட் எதற்கு?

கேள்வி: இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக நானும் என் தோழியரும் ஒரு 16 பிட் செயலியை வடிவமைத்து, அதற்கான ஜிசிசி கம்பைலர் பேக்கெண்டை (நிரலை அச்செயலியின் கட்டளைகளாக மாற்றும் பகுதியை) எழுதி வருகிறோம். முகவரிகள் 20 பிட் என்பதால், செயலிக்குள் எண்களை வைக்கும் ரெஜிஸ்டர்களையும் 20 பிட் அகலத்தில் வைத்திருக்கிறோம். சி மொழியில் 20 பிட் முழு எண் வகை ஒன்றைக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்? கம்பைலர் கையாளும் எண் அளவுகளை அறிவிக்கும் மோட் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்கிறாள் தோழி.
— பொறியியல் மாணவி ஒருவர்

பதில்: உங்கள் தோழி சொல்வது பாதி சரி. நீங்கள் வடிவமைத்திருக்கும் செயலிக்கு ஏறக்குறைய உடன்பிறப்பாகவே ஒன்று இருக்கிறது: டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் எம்எஸ்பி430எக்ஸ். 64 கேபி நினைவகத்தோடு நின்றிருந்த பழைய எம்எஸ்பி430-ஐ 1 எம்பி வரை நீட்டுவதற்காக அதன் ரெஜிஸ்டர்களை 20 பிட்டுக்கு அகலப்படுத்தினார்கள். அதன் ஜிசிசி பேக்கெண்டைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தப் பதிலைப் படித்தால் எளிதாக இருக்கும்.

அங்கே மோட் கோப்பில் இரண்டு அறிவிப்புகளைக் காண்பீர்கள். முதலாவது ‘பார்ஷியல் இன்ட் மோட்’: எஸ்ஐ எனப்படும் 4 பைட் மோடின் இடத்தை எடுத்துக்கொண்டு, அதில் 20 பிட்டுகளை மட்டும் பயன்படுத்தும் பிஎஸ்ஐ என்ற மோட் ஒன்று உண்டு என்று அது கம்பைலருக்குச் சொல்கிறது. இரண்டாவது ‘இன்ட் என்’: அந்த மோடுக்கு சி மொழியில் இன்ட்20 என்று, முன்னால் இரண்டு அடிக்கோடுகளோடு, ஒரு பெயரைக் கொடுக்கிறது. மோட் என்பது கம்பைலரின் உட்புறக் கணக்கு, வகை என்பது நிரலர் எழுதும் சொல். முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. பிளாக்ஃபின் செயலியின் பேக்கெண்டில் கூட்டுத்தொகையைச் சேர்த்து வைக்கும் 40 பிட் அக்யுமுலேட்டர்களுக்காகவே பிடிஐ என்ற பகுதி மோட் ஒன்று இருப்பதை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ‘இன்ட் என்’ வசதி 2015-இல் வெளிவந்த ஜிசிசி 5-இல்தான் வந்தது. அதற்கு முன் இப்படிப்பட்ட பெயர் 128 பிட் எண்ணுக்கு மட்டுமே கம்பைலரின் முன்பகுதியில் நேரடியாக எழுதி வைக்கப்பட்டிருந்தது.

அகலம் 20 பிட், இடம் 4 பைட்: இந்த இரண்டையும் தனித்தனி எண்களாக மனத்தில் வைத்துக்கொள்ளாததால்தான் இத்தகைய பேக்கெண்டுகளில் பெரும்பாலான பிழைகள் முளைக்கின்றன என்பது என் எண்ணம். இந்த வகை எத்தனை பைட் எடுக்கும் என்று சைஸ்ஆஃப் மூலம் கேட்டால் விடை 4 என்றுதான் வரும். ஆகவே நினைவகத்தில் 32 பிட் எண்ணோடு ஒப்பிட்டால் ஒரு பைட்கூட மிச்சமில்லை. ஆதாயம் ரெஜிஸ்டரில்தான்: 32 பிட் எண்ணுக்கு இரண்டு ரெஜிஸ்டர்கள் வேண்டும், 20 பிட் எண்ணுக்கு ஒன்றே போதும்.

பதினாறடிமானத்தில் 12345 என்ற முகவரி, அதாவது நமது 74,565, ஒரு ரெஜிஸ்டரில் இருப்பதாகக் கொள்வோம். அந்த ரெஜிஸ்டரில் 16 பிட் கட்டளை ஒன்று எழுதினால் எம்எஸ்பி430எக்ஸ் மேலே உள்ள 4 பிட்டுகளைச் சுழியாக்கிவிடும். எண்ணை அதே ரெஜிஸ்டருக்கே 16 பிட் கட்டளையால் நகர்த்தினால்கூட 2345 மட்டுமே எஞ்சும். 74,565 இருந்த இடத்தில் 9,029 நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது, நிரல் வேறொரு முகவரியைப் படித்துக்கொண்டிருக்கும். எனவே நகர்த்தல், கூட்டல், கழித்தல், ஒப்பீடு ஒவ்வொன்றுக்கும் பிஎஸ்ஐ மோடுக்கான வடிவத்தைத் தனியே எழுதி, அது 20 பிட் கட்டளையைத்தான் வெளியிடுகிறதா என்று அசெம்பிளி வெளியீட்டில் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிடத் தொல்லை தருவது அகலமாற்றம். 20 பிட் எண்ணை 32 பிட்டாக்க வேண்டுமானால், ஒரே ரெஜிஸ்டரில் இருப்பதை, கீழ் 16 பிட்டுகள் ஒன்றிலும் மேல் 4 பிட்டுகள் இன்னொன்றிலுமாகப் பிரிக்க வேண்டும். எம்எஸ்பி430 பேக்கெண்டின் தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது: 20 பிட் எண்ணைத் தற்காலிக நினைவிடமான ஸ்டாக்கில் தள்ளுகிறது, அது அங்கே இரண்டு 16 பிட் சொற்களாக, மேல் 12 பிட்டுகள் சுழியாக, அமர்கிறது, பிறகு அவ்விரு சொற்களையும் இரு ரெஜிஸ்டர்களுக்கு எடுத்துக்கொள்கிறது. குறியில்லா எண்ணுக்கு இத்துடன் வேலை முடிந்தது. குறியுள்ள எண்ணில் மட்டும், −1 என்பது பத்து இலட்சத்துச் சொச்சமாக மாறிவிடாமலிருக்க, 20-ஆவது பிட்டை மேலே பரப்பும் கட்டளைகளையும் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, பொருள்களின் அளவைக் குறிக்கும் சைஸ் டி வகையை மறந்துவிடாதீர்கள். அதை 16 பிட்டாகவே விட்டுவிட்டால் 65,535 பைட்டுக்கு மேற்பட்ட எந்தப் பொருளின் அளவையும் சொல்ல முடியாது. 1 எம்பி முகவரிவெளி இருந்தும் பயனில்லை. எம்எஸ்பி430-இன் பெரிய நினைவக மாதிரியில் சைஸ் டி என்பது குறியில்லா இன்ட்20-தான்.

கேள்வி: 8 பிட் ஏவிஆர் சிப்புகளுக்கான பழைய ஜிசிசி பதிப்பில் இன்ட்24, யுஇன்ட்24 என்று இரண்டு பெயர்கள் உள்ளன. ‘அன்சைன்ட் இன்ட்24’ என்று எழுதினால் கம்பைலர் ஏன் ஏற்பதில்லை?
— வாசகர் ஒருவர்

பதில்: அந்த வகைகள் 2012-இல், ஜிசிசி 4.7-இல், ‘இன்ட் என்’ வசதி பிறப்பதற்கு முன்பே சேர்க்கப்பட்டவை. பழைய பதிப்புகளில் பேக்கெண்ட் அவற்றை உள்ளமைந்த வகைப்பெயர்களாகப் பதிவு செய்தது. இவை டைப்டெஃப் (இருக்கும் வகைக்கு வேறு பெயர் சூட்டுதல்) மூலம் கிடைத்த பெயர்களைப் போன்றவை. அத்தகைய பெயருக்கு முன்னால் ‘அன்சைன்ட்’ போடுவதை சி மொழி அனுமதிப்பதில்லை. அதனால்தான் குறியில்லாத வகைக்குத் தனிப்பெயர். எம்எஸ்பி430-இன் இன்ட்20 திறவுச்சொல்லாக வருவதால் அதற்கு இந்தத் தடை இல்லை.

மற்றபடி 24 சமர்த்தான எண். ரெஜிஸ்டர்கள் 8 பிட் என்பதால் மூன்றில் கச்சிதமாக அடங்கும். நினைவகத்திலும் 3 பைட்தான். ஒரு கூட்டலுக்கு ஒரு ‘ஆட்’, இரண்டு ‘ஏடிசி’ (முந்தைய கூட்டலின் மிகையையும் சேர்த்துக் கூட்டும் கட்டளை). ஆர்டுயினோ யூனோவின் ஏடிமெகா328பி சிப்பில் ராம் 2 கேபி மட்டுமே என்பதை நினைத்தால், 100 அளவீடுகளை 400 பைட்டுக்குப் பதில் 300 பைட்டில் வைப்பது சிறிய இலாபமல்ல. ஆனால் மதிப்பு 83,88,607-ஐத் தாண்டாது என்ற உறுதி உங்களுக்கு இருக்க வேண்டும்.

கேள்வி: சி மொழியின் சி23 தரத்தில், வேண்டிய பிட் அகலத்தில் எண் வகை தரும் பிட்இன்ட் வந்துவிட்டதே, இனி பேக்கெண்டில் தனி வகைகள் எதற்கு?
— அதே வாசகர்

பதில்: கணக்குப் போடுவதற்கு மட்டும் என்றால் தேவையில்லைதான். பிட்இன்ட் 20 என்று நிரலர் கேட்டால் அகலத்துக்கான உத்தரவாதம் கிடைக்கும். அதை எந்த ரெஜிஸ்டரில் எப்படி வைப்பது என்பது பேக்கெண்டைப் பொறுத்தது. எல்எல்விஎம் எனும் மற்றொரு கம்பைலர் அமைப்பு எந்த அகல எண்ணையும் உள்ளே ஏற்றுக்கொண்டாலும், இயந்திரத்துக்குத் தெரியாத 20 பிட் எண்ணைப் பொதுவாக 32 பிட்டாக உயர்த்தி, 16 பிட் இயந்திரமானால் பிறகு இரண்டாக உடைத்துவிடும். 20 பிட் ரெஜிஸ்டர் கையில் இருந்தும் இரண்டு ரெஜிஸ்டர்கள் செலவாவதைத் தடுக்க வேண்டுமானால், அந்த ரெஜிஸ்டர் இருப்பதை யாராவது பேக்கெண்டில் எழுதித்தான் ஆக வேண்டும்.