ஐந்து வாள்வெட்டு வாங்கியவன் எப்படி அதே பலத்துடன் நிற்கிறான்?

ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் தம்முடைய வீரன் ஐந்து வாள்வெட்டுகளை வாங்கிய பின்னும் சற்றும் தளராமல் சண்டையிடுகிறான், ஓர் இரவு தூங்கி எழுந்தால் காயமே இல்லை, இது என்ன விதி என்று கேள்வி கேட்டவர் சலித்துக்கொள்கிறார். திருகோணமலையில் ஒரு சிறு குழுவுக்குச் சனிக்கிழமை மாலைகளில் இத்தகைய ஆட்டங்களை நடத்திவருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்த விதியின் பூர்வீகம் கடற்போர். 1974 இல் கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து இவ்வாட்டத்தை உருவாக்கிய டேவ் ஆர்னெசன், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால இரும்புக் கப்பல்களுக்காகத் தாம் முன்னர் எழுதிய விதிகளிலிருந்தே உயிர்ப்புள்ளியையும் (அடி பட்டால் குறையும் எண்) கவச எண்ணையும் (அடி படுவது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் எண்) எடுத்ததாகக் கூறியிருக்கிறார். அதற்கு முன் ஓர் அடி பட்டால் ஆள் செத்தான். அரக்கனை ஒரே அடியில் கொல்வதில் ஆட்டக்காரர்களுக்கு ஆட்சேபம் இல்லை, அரக்கன் தங்களை ஒரே அடியில் கொல்வதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லையாம். ஆகவே அடி கவசத்தைத் தாண்டியதா என்று பகடை உருட்டிப் பார்த்து, தாண்டினால் மட்டுமே புள்ளிகளைக் கழிக்கும் முறை வந்தது. இன்றைய பதிப்புகளில் 20 முகப் பகடையில் வரும் எண்ணுடன் தாக்குபவரின் திறனைக் கூட்டி, அது எதிரியின் கவச எண்ணை எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். கடைசிப் புள்ளி போகும்வரை ஆள் முழு ஆள். (துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது கப்பலுக்கே பொருந்துமா என்பது சந்தேகம், சுக்கான் போன கப்பல் மூழ்காவிட்டாலும் சண்டைக்கு உதவாது.) 2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பு, இப்புள்ளிகளில் உடல் உறுதியுடன் மனத்திடமும் அதிர்ஷ்டமும் சேர்ந்திருப்பதாக வெளிப்படையாகவே சொல்கிறது. அப்படிப் பார்த்தால் முதல் நான்கு வெட்டுகளும் மயிரிழையில் தப்பியவை என்றுதான் கதை சொல்ல வேண்டும்.

காயம் பட்டவரின் பகடையைக் குறைத்துவிடும் ஆட்டங்களும் உண்டு. 1991 இல் வெளிவந்த வேம்பயர் ஆட்டத்தில் உடல்நிலைக்கு ஏழு படிகள். கீழே இறங்க இறங்க உருட்டும் பகடைகள் குறையும். கேட்க நியாயமாக இருந்தாலும், முதல் அடி வாங்கியவரால் திருப்பி அடிக்க முடியாமல் மேலும் மேலும் அடி வாங்க, மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதையாகிவிடும் என்பதால் எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபேட் ஆட்டத்தின் முறை. சிறு அடிகள் அந்தக் காட்சி முடிந்ததும் அழிந்துவிடும். பெரிய அடியைத் தாங்க வேண்டுமானால் 2, 4 அல்லது 6 புள்ளி மதிப்புள்ள ஒரு காயத்தைப் பெயரிட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எங்கள் ஆட்டத்தில் தோணியோட்டியாக ஆடிய நண்பர் ஒருவர் 4 புள்ளிக் காயமொன்றை ஏற்று, தம் பாத்திரத்தின் விவர அட்டையில் பென்சிலால் “வலது தோள் இறங்கிவிட்டது” என்று எழுதினார். அதே மாலை, துரத்துகிறவர்களிடமிருந்து தப்ப அவர் துடுப்பைப் பிடித்தபோது, அந்த ஒரு வரியைக் காட்டி எதிராளிக்கு 2 புள்ளிகளைச் செலவின்றிக் கூட்டிக்கொண்டேன். அவர் என்னை முறைத்தார். பிறகு இடக்கையால் துடுப்பு வலிப்பதாகச் சொல்லிப் பகடையை உருட்டினார். வெறும் எண்ணைக் கழித்திருந்தால் அந்த இடக்கை எங்கள் கதைக்குள் வந்திருக்காது. இன்னொன்று, எதிராளி பகடையை உருட்டுவதற்கு முன் தோல்வியை நீங்களாகவே ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டால் எப்படித் தோற்பது என்பதில் உங்களுக்கும் பேச்சு உண்டு. சாவு வரை இழுபடாமல் சண்டையை முடிக்க இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

விதிப் புத்தகத்துக்கு வெளியே எங்களுக்குள் ஓர் உடன்பாடும் இருக்கிறது. கை கால் இழப்பை எங்கள் மேசையில் வைப்பதில்லை. ஏன் என்று இந்த ஊரில் யாரும் கேட்டதுமில்லை.

நீங்கள் ஐந்தாம் பதிப்பையே தொடர விரும்பினால் ஆட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. புள்ளி பூச்சியமாகி விழுபவர் தம் முறை வரும்போதெல்லாம் பகடை உருட்டி, 10 அல்லது அதற்கு மேல் மூன்று முறை வந்தால் உயிர் தரிப்பார், அதற்குக் கீழ் மூன்று முறை வந்தால் இறப்பார் என்பது விதி. பிழைத்தவர் அட்டையில் அந்தக் காயத்துக்கு ஒரு பெயர் எழுதச் சொல்லுங்கள்; யாராவது அதற்கு உரிய மருத்துவம் பார்க்கும்வரை, எத்தனை இரவு தூங்கினாலும் அந்த வரியை அழிக்க விடாதீர்கள்.