கடிதம்: ஓடுனது குதிரை, ஓனரம்மாவுக்கு எதுக்கு பாராட்டு?

வணக்கம் அக்கா,

அமெரிக்காவோட செக்ரட்டேரியட்ங்கற ரேஸ் குதிரை பத்தி நீங்க எழுதுனத படிச்சுட்டு அது ஜெயிச்ச 1973 பெல்மான்ட் ரேஸ் வீடியோவ தேடிப் பிடிச்சு நாலு தடவ பாத்தேன், புல்லரிச்சுப் போச்சு. ஆனா ஒண்ணு கேக்கணும். ஓடுனது குதிரை, ஓட்டுனது ஜாக்கி, லத்தி அள்ளுனது வேற யாரோ. பணக்கார வீட்ல பொறந்து, டாஸ்ல குதிரை கெடச்ச ஓனரம்மா பென்னி செனரிய ஏன் இவ்ளோ தூக்கி வெச்சு எழுதுறீங்க?

ர., திண்டுக்கல்

அன்புள்ள தம்பி,

நியாயமான கேள்விதான், ரெண்டு நாளா இதையே நெனச்சுட்டு இருந்தேன்.

மொதல்ல டாஸ். அந்த டாஸ்ல பென்னி தோத்துட்டாங்க, அத கவனிச்சீங்களா? போல்ட் ரூலர்னு பெரிய பேர் எடுத்த பொலிக்குதிரை ஃபிப்ஸ் குடும்பத்துது. செனரி பண்ணையிலேர்ந்து வருஷத்துக்கு ரெண்டு பெட்டைக் குதிரைய அனுப்பணும், பொறக்குற குட்டிய ரெண்டு வீடும் பிரிச்சுக்கணும், யாருக்கு மொதல் சாய்ஸ்னு டாஸ் போட்டு முடிவு பண்ணணும், இதான் ஏற்பாடு. ரெண்டாவது வருஷம் ஒரு குதிரைக்கு சினை புடிக்கல. அதனால ஜெயிச்சவருக்கு ஏற்கனவே பொறந்த குட்டில தனக்குப் புடிச்ச ஒண்ணு, தோத்தவங்களுக்கு மிச்சம் இருக்கறதும் இன்னும் பொறக்காததும். ஜெயிச்ச ஆக்டன் ஃபிப்ஸ் எடுத்த பெட்டைக்குட்டி கடைசி வரை ஒரு ரேஸ் கூட ஜெயிக்கல. வயித்துல இருந்தது 1970 மார்ச் 30ல வர்ஜீனியாவுல பொறந்துச்சு, அதான் செக்ரட்டேரியட். இதுவரைக்கும் நீங்க சொல்ற அதிர்ஷ்டம், ஒத்துக்கறேன்.

ஆனா அந்த டாஸ் போடற எடத்துக்கு பென்னி வந்து நின்னதே பெரிய விஷயம்பா. அப்பா ஞாபகமெல்லாம் மங்கிப் போய் ஆஸ்பத்திரில இருக்கார், பண்ணை நஷ்டத்துல ஓடுது, கூடப்பொறந்தவங்க வித்துடலாம்கறாங்க, இவங்க டென்வர்ல நாலு பிள்ளைங்கள வளத்துட்டு இருக்கற குடும்பத் தலைவி. விக்க மாட்டேன்னு நின்னு லூசியன் லாரின ட்ரெய்னரா கொண்டு வந்து, 1972ல ரிவா ரிட்ஜ்னு இன்னொரு குதிரை கென்டக்கி டெர்பியும் பெல்மான்ட்டும் ஜெயிச்சப்புறம்தான் அங்க எல்லாருக்கும் மூச்சு வந்துச்சு.

1973 ஜனவரில அப்பா இறந்துட்டார். அவர் விட்டுப்போன சொத்துக்குக் கட்ட வேண்டிய வாரிசு வரி கழுத்த நெரிக்குது. அப்பதான் க்ளெய்போர்ன் பண்ணை சேத் ஹேன்காக் மூலமா, செக்ரட்டேரியட்ட இனவிருத்திக்காக 32 ஷேரா பிரிச்சு, ஷேர் 1,90,000 டாலர்னு மொத்தம் 60 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்கு வித்தாங்க. அந்தக் காலத்துக்கு அது சாதனை விலை. மூணு வயசு ஆனப்புறம் குதிரை இன்னும் ஒரு ரேஸ் கூட ஓடல அப்ப! டெர்பிக்கு ரெண்டு வாரம் முன்னாடி உட் மெமோரியல்னு ஒரு ரேஸ்ல மூணாவதா வந்துச்சு, வாயில சீழ்க்கட்டி, ஷேர் வாங்குனவங்களுக்கு வயித்துல புளி கரைச்சிருக்கும், பென்னிக்கு சொல்லவே வேணாம்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். டெர்பில ஒவ்வொரு கால் மைலையும் முந்தின கால் மைல விட வேகமா ஓடி 1 நிமிஷம் 59.4 செகண்ட். ஒன்றரை மைல் பெல்மான்ட் 2 நிமிஷம் 24 செகண்ட், 31 லென்த் (ஒரு லென்த்னா ஒரு குதிரையோட நீளம்) வித்தியாசம், அதாவது ரெண்டாவது வந்த குதிரை கிட்டத்தட்ட 75 மீட்டர் பின்னாடி. டெர்பி, ப்ரீக்னெஸ், பெல்மான்ட்னு மூணு ரேஸையும் ஒரே வருஷத்துல ஜெயிக்கறதுதான் ட்ரிபிள் க்ரவுன், 25 வருஷமா யாருக்கும் கெடைக்காதது. அந்த ரெண்டு டைமும் இன்னிக்கு வரைக்கும் அந்த ரேஸ்கள்ல ரெக்கார்ட். பெல்மான்ட்ல அது ஜெயிக்கும்னு ரெண்டு டாலர் பந்தயம் கட்டுன டிக்கெட்டுக்கு 2.20 டாலர்தான் கெடைக்கும், ஆனா 5,617 டிக்கெட்ட யாரும் காசாக்கவே இல்ல, ஞாபகத்துக்கு வெச்சுக்கிட்டாங்க.

எனக்கு மனசு அடிச்சுக்கற எடம் இதுக்கு அப்புறம்தான். அந்த ஷேர் ஒப்பந்தத்துல மூணு வயசு முடியும்போது குதிரை ரேஸ விட்டு நின்னுடணும்னு ஒரு கண்டிஷன். அக்டோபர் 28, கனடாவுல வுட்பைன்ல கடைசி ரேஸ், அதுலயும் ஜெயிச்சுது. 21 ரேஸ்ல 16 வெற்றி. நாலு வயசுல அது எப்படி ஓடியிருக்கும்னு யாரும் பாக்கல. அப்பாவோட பண்ணைய காப்பாத்த போட்ட கையெழுத்துதான் அந்த ஓட்டத்தையும் நிறுத்திச்சு, அந்தப் பண்ணையும் 70கள் முடியறதுக்குள்ள கை மாறிடுச்சு. இதெல்லாம் சேத்துதான் ஓனரோட வேலைன்னு நெனக்கிறேன், அத சுமந்ததுக்காகத்தான் பென்னி மேல எனக்கு மரியாதை.

ஆனா லத்தி அள்ளுனது வேற யாரோன்னு எழுதியிருந்தீங்கல்ல, அந்த வரிய படிச்சதும் எனக்கு உறுத்திடுச்சு, ஏன்னா அந்த ஆளோட பேர என் கட்டுரைல நான் எழுதவே இல்ல. எடி ஸ்வெட். சவுத் கரோலினாவச் சேர்ந்த கறுப்பினத்துக்காரர். நம்ம ரேஸ்கோர்ஸ்ல குதிரைய பாத்துக்கறவர சைஸ்னு (syce) சொல்றமே, அந்த வேலை. குளிப்பாட்டி, கால்ல கட்டு கட்டி, தீனி வெச்சு, நாள் பூரா கூடவே இருந்தவர் அவர்தான். 32 ஷேர்ல அவருக்கு ஒண்ணும் கெடையாது. நவம்பர்ல குதிரைய ப்ளேன்ல கென்டக்கிக்கு கூட்டிட்டுப் போய் க்ளெய்போர்ன் பண்ணைல விட்டுட்டு வந்தவரும் அவர்தான். 1998ல இறந்தப்ப கையில பெருசா ஒண்ணும் இல்ல.

கென்டக்கி ஹார்ஸ் பார்க்ல ஒரு வெண்கல சிலை இருக்கு, டெர்பி ஜெயிச்சு வர்ற செக்ரட்டேரியட், மேல ஜாக்கி ரான் டர்காட், பக்கத்துல குதிரைய புடிச்சு நடத்திட்டு வர்றது எடி ஸ்வெட். ஓனர் அதுல இல்ல. போட்டோ தேடிப் பாருங்க தம்பி.

அன்புடன்,
அக்கா