ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை: அந்த நாலு பின் எங்கே?

கேள்வி: ஏற்காட்டில் சின்னதாக ஒரு தங்கும் விடுதி நடத்துகிறோம். கணக்கு பார்க்கும் கம்ப்யூட்டரைத் திறந்து, ஒயர்களைக் கழற்றித் தூசி தட்டி மறுபடியும் மாட்டினேன். இப்போது ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் எதுவும் வரவில்லை. பிராசசர் பக்கத்தில் நாலு துளை சாக்கெட் ஒன்று காலியாக இருக்கிறது. பெரிய பிளக்கின் ஓரத்திலிருந்து நாலு பின் துண்டு ஒன்று தனியாகக் கழன்று வந்தது. அதை அங்கே மாட்டலாமா?

பதில்: வேண்டாம். மாட்டிப் பார்க்காமல் முதலில் கேட்டீர்களே, மதர்போர்டு பிழைத்தது.

அந்தத் துண்டு 24 பின் பிளக்கைச் சேர்ந்தது. 20 பின் மட்டுமே இருந்த பழைய போர்டுகளுக்கும் பொருந்தட்டும் என்றுதான் அதைக் கழற்றும்படி செய்திருக்கிறார்கள். அதன் ஒயர்களைப் பாருங்கள்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நாலும் நாலு நிறம். அதாவது 12 வோல்ட், 3.3 வோல்ட், 5 வோல்ட், கிரவுண்ட். பிராசசருக்கான பிளக்கில் இரண்டு மஞ்சள், இரண்டு கறுப்பு மட்டும்தான். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து, அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியிலிருந்து, வரும் ஒயர் கட்டுக்குள் அது எங்கோ மடங்கிக் கிடக்கும், தேடுங்கள். ஒயரெல்லாம் கறுப்பாக இருந்தால் பிளக்கின் மேல் சிபியு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபேனுக்கு வேண்டிய மின்சாரம் பெரிய பிளக் வழியாகவே போய்விடுகிறது, அதனால் சுற்றுகிறது. பிராசசருக்கான 12 வோல்ட் இந்தச் சின்ன பிளக் வழியாகத்தான் வர வேண்டும். போர்டு அதை ஏறக்குறைய 1 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும். அது வராவிட்டால் பிராசசர் விழிக்காது.

எட்டுத் துளை சாக்கெட் உள்ளவர்கள் இன்னொன்றிலும் கவனமாக இருங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கான பிளக்கிலும் எட்டு பின் உண்டு. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். துளைகளின் வடிவம் தடுக்கும். அதை மீறி அழுத்தினால் ஷார்ட்தான். சரியான பிளக் லேசாக அழுத்தினாலே ‘டக்’ என்று லாக் விழும். பலம் தேவைப்பட்டால் அது அந்த இடத்துப் பிளக் இல்லை. ஒயர்களைத் தனியாகக் கழற்றும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால், வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை எடுத்து மாட்டவே கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்த பின்னில் எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

24 பின் பிளக்கில் ஒரு துளையில் ஒயரே இருக்காது, பயப்படாதீர்கள். பழைய காலத்து மைனஸ் 5 வோல்ட்டின் இடம் அது.

தொடும் முன் சுவர் சுவிட்சை அணைத்து ஒயரைப் பிடுங்குங்கள், அப்புறம் பவர் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள். கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்தாலும் ஊதா ஒயரில் 5 வோல்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கழற்றும்போது லாக்கை அழுத்தி, பிளக்கின் உடம்பைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து அல்ல.

போன மாதம் சேலம் அம்மாபேட்டையிலிருந்து பட்டுச்சேலை டிசைன் போடும் கம்ப்யூட்டர் ஒன்று ரிப்பேருக்கு வந்தது. வேலை நடுவில் தானாக அணைந்து போகிறதாம். பெரிய பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். மற்ற முனைகளெல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க, ஒரு மஞ்சள் ஒயரின் முனை மட்டும் நெல் நீளத்துக்கு உள்ளே போயிருந்தது. அதன் சுமையையும் சேர்த்துத் தாங்கிய இன்னொரு மஞ்சள் ஒயரைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி, கருகல் வாசம் அடித்தது. யாரோ ஒயரைப் பிடித்து இழுத்துக் கழற்றியதன் விளைவு. மாட்டும் முன் உங்கள் பிளக்கையும் இப்படி ஒருமுறை பாருங்கள்.

ஏற்காட்டு ஈரத்தில் முனைகள் மங்கியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், உள்ளே உள்ள கெபாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும்.

சரியான பிளக்கை மாட்டியும் திரை வரவில்லை என்றால் சேலத்துக்குக் கொண்டு வாருங்கள். ஆனால் மலைக் குளிரில் இருந்த கம்ப்யூட்டர் கீழே வந்ததும் உள்ளே வேர்க்கும். கடையில் கொடுக்கும்போது, இரண்டு மணி நேரம் சும்மா வைத்திருந்துவிட்டு அப்புறம் பவர் கொடுக்கச் சொல்லுங்கள்.