பவுடர் போட்டால் செப்டிக் டேங்க் நிரம்பாதா?

கேள்வி: வீடு கட்டி ஐந்து வருடம் ஆகிறது. செப்டிக் டேங்கை இதுவரை திறந்ததே இல்லை, எந்தத் தொந்தரவும் வந்ததில்லை. மாதம் ஒரு பாக்கெட் பாக்டீரியா பவுடரைக் கழிப்பறையில் கொட்டினால் டேங்கை எப்போதுமே சுத்தம் செய்ய வேண்டாம் என்கிறார் ஒரு விற்பனையாளர். ஒரு வருடத்துக்கு மொத்தமாக வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்தப் பணத்தைக் கழிவுநீர் லாரிக்கு எடுத்து வையுங்கள்.

டேங்குக்கு வேண்டிய பாக்டீரியா மலத்திலேயே இருக்கிறது, தினமும் தானாகப் போய்ச் சேர்கிறது. அந்தப் பாக்டீரியாவால் கழிவில் ஒரு பகுதியைத்தான் கரைக்க முடியும். மீதி அடியில் கசடாகப் படிகிறது, எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஏடு கட்டுகிறது. நடுவில் நிற்கும் நீர் மட்டுமே, அதை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும். சேர்ந்த கசடை எந்தப் பவுடரும் முழுவதுமாக இல்லாமல் ஆக்காது. சில ரகங்கள் அதைக் கலக்கி விடவும் கூடும். கலங்கியது உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிட்டால் பெரும்பாடு. டேங்கில் இருக்கிற கசடை ஒரே நாளில் உறிஞ்சி எடுத்துவிடலாம். மண் அடைத்துக்கொண்டால் பல சமயம் புதுக் குழிதான் வெட்ட வேண்டும்.

தொந்தரவு வந்ததில்லை என்கிறீர்களே, அதை நம்பி இருந்துவிடாதீர்கள். கழிப்பறையில் தண்ணீர் எதிர்த்து வரும்போது காரியம் கைமீறி இருக்கும். டேங்கில் தண்ணீர் எப்போதும் வெளியேறும் குழாய் மட்டம் வரை நிற்கும், அது இயல்பு. பார்க்க வேண்டியது கசடை. கசடும் ஏடும் சேர்ந்து நீரின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டால் எடுத்துவிட வேண்டும். நீளமான கம்பில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை இறக்கி, சில நிமிடம் கழித்து மெதுவாகத் தூக்கினால் கசடு எவ்வளவு உயரம் என்று கறையே காட்டும். இதை லாரிக்காரரையே செய்யச் சொல்லுங்கள். பொதுவாக 3 முதல் 5 வருடத்துக்குள் எடுக்க வேண்டி வரும். உங்களுக்கு 5 ஆகிவிட்டது, இப்போதே கூப்பிடுங்கள்.

கேள்வி: லாரியில் உறிஞ்சிய பிறகு ஆளை உள்ளே இறக்கி அடிக்கசடையும் வழித்துத் தருகிறேன், கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள் என்கிறார் ஒருவர். சரி என்று சொல்லலாமா?

பதில்: கூடவே கூடாது. காலியான டேங்கிலும் விஷவாயு இருக்கும், மூச்சுவிட ஆக்சிஜன் இருக்காது. ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஆபத்து போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில் ஆள் மயங்கி விழுந்துவிடுவார், காப்பாற்ற இறங்குகிறவரும் அதேபோல் விழுவார். மீத்தேனும் இருப்பதால் தீக்குச்சி, பீடி எதுவும் மூடிக்குப் பக்கத்தில் வரக் கூடாது. ஆளை இறக்குகிறேன் என்று சொல்பவரை அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். அடியில் கொஞ்சம் கசடு மிஞ்சினால் ஒன்றும் கெட்டுப்போகாது.

அப்புறம், பேசும்போதே சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். டேங்கின் எல்லா அறைகளையும் காலி செய்வாரா? குழாயைப் பெரிய மூடி வழியாக விடுவாரா? எடுத்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்? சுத்திகரிப்பு நிலையம் என்று தெளிவாகப் பதில் வர வேண்டும். மழுப்பினால் அது ஏதோ ஓடைக்குத்தான் போகப் போகிறது. ரசீதில் தேதி இருக்கட்டும், அடுத்த முறைக்கு அதுதான் கணக்கு. பிளாஸ்டிக் டேங்க் என்றால் நிலத்தடி நீர் ஏறியிருக்கும் மழைக்காலத்தில் முழுக்கக் காலி செய்ய விடாதீர்கள், தொட்டியே மேலே கிளம்பிவிடும்.

கேள்வி: 'கழிப்பறையில் போடலாம்' என்று அச்சிட்ட ஈரத்துணியை (வெட் வைப்ஸ்) நிஜமாகவே போடலாமா?

பதில்: குப்பைக்கூடையில் போடுங்கள். கழிப்பறைக் காகிதம் போல அது தண்ணீரில் பிரிந்துவிடாது. நாப்கின், டயாபர், சமையல் எண்ணெய்க்கும் இதேதான். ஃப்ளஷ் தொட்டி கசிகிறதா என்றும் பாருங்கள். அதில் சில துளி சமையல் கலர் விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாமல் இருங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் வாஷரை மாற்றுங்கள். இரவும் பகலும் ஓடுகிற அந்தத் தண்ணீர், கசடு படிய நேரம் கொடுக்காமல் அதையும் உறிஞ்சுகுழிக்குத் தள்ளிக்கொண்டு போகும்.